பழைய பஸ் வேண்டுமா?

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் இல்லைசார். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர் ஒன்றும் இருந்தது, சம்பளச் சீட்டில். அதற்கு வெளியே அதை யாரும் வாயால் சொல்லி இவர் காதால் கேட்டதில்லை.

பட்டம் வந்த கதை சின்னது. அவருக்கு வேலை கெர்னல் கட்டுவது. கணினியைப் போட்டவுடன் உள்ளே முதலில் கண் விழிப்பது கெர்னல்தான். திரையை எழுப்புவது, வட்டைத் தட்டுவது, உள்ளே இருக்கும் சாமான்களை எல்லாம் கட்டி மேய்ப்பது அதன் பாடு. அதைக் கட்டும்போது அது கேள்வி கேட்கும். இந்தச் சாமான் வேண்டுமா, அந்தச் சாமான் வேண்டுமா என்று ஆயிரக்கணக்கில் கேட்டு உயிரை வாங்கும். ஆமா என்றால் அந்தச் சாமானோடு பேசும் நிரல் உள்ளே சேரும். இல்லை என்றால் சேராது, அப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே கெர்னலுக்குத் தெரியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் ஆமா போட்டுக் கெர்னலைப் பூசணிக்காயாக ஊதவிடுவார்கள். நம் ஆள் எல்லாவற்றுக்கும் இல்லை போடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். அவர் கட்டிய கெர்னல் வற்றிப்போய் எலும்பும் தோலுமாக இருக்கும், ஆனால் விசையைத் தொட்ட கையை எடுப்பதற்குள் எழுந்து நிற்கும். என்ன, அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது. திரைச்சீலையை மாற்றலாமா என்று மனைவி கேட்டால் இல்லை. விருந்தாளி வந்தால் படுக்க இன்னொரு மெத்தை வாங்கலாமா என்றால் இல்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடுவதால் அந்தம்மாள் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, நேராக வாங்கிவிடுகிறார். அது அவருக்கு இன்னும் தெரியாது.

அவர்கள் நிறுவனம் பட்டறை இயந்திரங்களில் இருக்கும் கணினிகளுக்குக் கெர்னல் தந்துகொண்டிருந்தது. மரம் அறுக்கும் மேஜை, கண்ணாடி வெட்டும் மேஜை, பெட்டி ஒட்டும் இயந்திரம் என்று ஊரில் எத்தனையோ. அந்த நிறுவனத்தில் இல்லைசாருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கெர்னல் பிரிவுத் தலைவர் என்ற பதவியும், அதற்கென்று இருக்கும் மூலை அறையும். அந்த அறைக்குக் கதவு உண்டு, ஜன்னல் உண்டு. இப்போது அவர் உட்கார்ந்திருப்பது பிரிண்டருக்குக் கீழே. யாருக்குக் காகிதம் வேண்டுமானாலும் அவர் தலைக்கு மேலே கையை நீட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை ஒருத்தர் டீயோடு கையை நீட்டினார். அந்தச் சட்டையை அவர் அதன்பிறகு போடவே முடியவில்லை.

பதவிக்கு வழி மேலாளரே சொல்லியிருந்தார். மேலாளருக்குக் கெர்னல் ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் எண் குறைந்தால் சந்தோஷப்படுவார். செலவு குறைந்தாலும் சந்தோஷம், ஆள் குறைந்தாலும் சந்தோஷம், நிரல் வரி குறைந்தாலும் சந்தோஷம். பெரிதாக ஏதாவது ஒன்றைக் கழித்துக் காட்டுங்கள், அறை உங்களுக்கு என்று சொல்லிவிட்டார். இல்லைசார் கழிக்கத் தேர்ந்தெடுத்தது பழைய பஸ்.

ஆள் ஏறும் பஸ் இல்லை இது. கணினிக்குள்ளே கார்டுகளைச் செருகுவதற்கு வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். அந்தப் பள்ளங்களுக்கும் கணினியின் மூளைக்கும் நடுவே ஓடும் பாதைக்குப் பஸ் என்று பெயர். புதிய பஸ்ஸில் கெர்னல் ஒவ்வொரு பள்ளமாகப் போய் யார் அங்கே என்று கேட்கும். கார்டும் தன் பெயர், ஊர், குலம், கோத்திரம் எல்லாம் ஒப்பிக்கும். பழைய பஸ்ஸில் அந்தப் பேச்சே கிடையாது. கார்டு தன் பாட்டுக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எத்தனை கூப்பிட்டாலும் பதில் வராது. இன்ன இடத்தில் இன்ன கார்டு இருக்கிறது என்று கட்டுகிறவர்தான் கெர்னலுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஒழுங்காக வேலை செய்யும்.

அந்தப் பழைய பஸ்ஸுக்கான நிரலைப் பல வருடமாகக் கட்டிக் காத்துவந்தவர் ஒரு அம்மாள். எல்லோருக்கும் அவர் பழைய பஸ் அக்கா. நிரலில் எங்காவது ஒழுகினால் அடைப்பார், புதிய கெர்னலுக்குத் தக்கபடி தைத்துக் கொடுப்பார். இதெல்லாம் வீண் வேலை என்று இல்லைசார் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். கேள்விப் பட்டியலில் பழைய பஸ் வேண்டுமா என்ற கேள்விக்குக் கீழே விளக்கம் எழுதும் வேலை அவருக்குத்தான் வந்தது. வந்த வேலையை விடுவாரா? இந்தப் பஸ் உள்ள கணினிகள் இப்போது யாரிடமும் இல்லை, உறுதியாகத் தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்று எழுதிவைத்தார். தன் எழுத்தில் அவருக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அதுதான்.

முறைப்படி அறிவிப்பும் போட்டார். பழைய பஸ்ஸை அடுத்த பதிப்போடு அடியோடு எடுக்கப்போகிறோம், இன்னும் பயன்படுத்துகிறவர் ஒருவராவது இருந்தால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன் என்று பெருந்தன்மையாக எழுதினார். எங்கே போட்டார் என்று கேளுங்கள். நிரல் எழுதுகிறவர்கள் மட்டும் எட்டிப்பார்க்கிற, நுழையவே கடவுச்சொல் கேட்கிற ஒரு பக்கத்தில் போட்டார். மர அறுப்புக்காரரும் கண்ணாடிக்காரரும் வேலையைப் போட்டுவிட்டு அங்கே வந்து கை தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. மாதக்கணக்கில் ஒரு ஈ காக்காய் வரவில்லை. யாரும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று மேலாளரிடம் போய் நின்றார்.

பழைய பஸ் அக்கா மட்டும் விடவில்லை. "கூப்பிட்டா பதில் சொல்லத் தெரியாத கார்டு அது. வெச்சிருக்கறவங்களும் அப்படித்தான் இருப்பாங்க. பதில் வரலைன்னா ஆளே இல்லைன்னு ஆயிடுமா?" என்று கேட்டார். ஒரே ஒருத்தர் இருந்தாலும் போதும், மிச்ச வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். அப்படியானால் அக்காவே அந்தப் பஸ்ஸில் ஏறிப் போய்த் தேடிப் பார்க்கட்டும் என்றார் இல்லைசார். எல்லோரும் சிரித்தார்கள். புதன்கிழமை கூட்டத்தில் முடிவு என்று ஆயிற்று. பழைய பஸ் போனால் மூலை அறை வரும்.

அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிறு, தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. தங்கை வீடு என்றால் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். மாப்பிள்ளை கண்ணாடி வெட்டுகிறவர். சுவரோரம் மரச் சட்டங்களில் கண்ணாடிப் பாளங்கள் காகிதம் இடையிட்டுச் சாய்ந்து நிற்கும். நடுவில் பெரிய மேஜை. அதன் மேலே ஒரு இரும்புக் கை, கை நுனியில் மிளகு அளவு சக்கரம். கணினி சொல்கிறபடி அந்தக் கை ஓடிக் கண்ணாடியில் கோடு கிழிக்கும். மாப்பிள்ளை கோட்டின் மேல் தட்டி உடைத்து எடுப்பார். விளிம்பைத் தேய்த்து மழுக்குவது தங்கையின் வேலை. அந்த மேஜைதான் அவர்களுக்குச் சோறு. இன்னொன்று வாங்குவதைப் பற்றி அவர்கள் கனவுகூடக் கண்டதில்லை.

சாப்பிடும்போது மாப்பிள்ளையின் கட்டைவிரலில் கட்டு இருந்ததை இல்லைசார் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். மேஜையின் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், சில நாள் அது நிற்காமல் ஒரு முழம் ஓடிவிடுகிறது என்று மாப்பிள்ளை தன் மேல்தான் தப்பு என்பதுபோலச் சொன்னார். இது இல்லைசாருக்குத் தெரிந்த கோளாறுதான். கெர்னலில் இருக்கும் ஓட்டை, அடுத்த பதிப்பில் அடைத்தாயிற்று.

"கவலைய விடுங்க மாப்ளே. இன்னும் கொஞ்ச நாள்ல புதுப் பதிப்பு வருது. நானே கொண்டுவந்து போட்டுத் தரேன்."

தங்கைக்கு முகமெல்லாம் பூரிப்பு. கட்டைவிரல் வெட்டுப்பட்ட அன்றிலிருந்து அவள் மேஜை ஓடும்போதெல்லாம் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சொன்னதைக் கேட்டு இன்னும் ஒரு கரண்டி கூடப் பரிமாறினாள். அந்தக் குஷியில் இல்லைசார் புதன்கிழமைக் கூட்டத்தைப் பற்றியும் அளந்தார். பெரிய கூட்டம், வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் செல்போனில் பார்க்கலாம், உன் அண்ணன் தலைவராவதை நேரிலேயே பார் என்று கூட்டம் நடக்கும் பக்கத்தின் முகவரியைத் தங்கைக்கு அனுப்பியும் வைத்தார்.

அத்தோடு கை கழுவி எழுந்திருந்தால் கதையே இல்லை. மனிதர் பட்டறைக்குள் போய் மேஜையின் கணினியைப் போட்டுப் பார்த்தார். அது ஆடி அசைந்து எழுந்தது. இவ்வளவு நேரமா என்றார். அது எழுவதற்குள் பெருக்கி முடித்து டீயும் குடித்துவிடுவேன் மச்சான், பழகிவிட்டது என்றார் மாப்பிள்ளை. பழகிவிட்டதாம். இல்லைசாரின் மானம் போயிற்று. என் தங்கை வீட்டில் இப்படி ஒரு சோம்பேறிக் கெர்னலா, புதுப் பதிப்பு வரும்வரை இப்போதுள்ள பதிப்பையே இளைக்கவைத்துக் கட்டித் தருகிறேன் என்று பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். மறுநாள் காலையில் ஒரு மருத்துவமனைக்குக் கதவுக் கண்ணாடிகள் போக வேண்டும், இப்போது தொட வேண்டாமே என்று மாப்பிள்ளை மென்று விழுங்கினார். அதையெல்லாம் கேட்கிற காது அப்போது இல்லை.

முதலில் மேஜைக் கணினிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தார். திரை இருக்கிறேன் என்றது, வட்டு இருக்கிறேன் என்றது, இன்னும் இரண்டு மூன்று சாமான்கள் குரல் கொடுத்தன. பதில் சொன்னவர்களுக்கு ஆமா, மற்றவர்களுக்கெல்லாம் இல்லை என்று கட்ட ஆரம்பித்தார். கணினியின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கெர்னல்காரர்கள் மூடியைத் திறப்பதில்லை, அது மெக்கானிக் வேலை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

தங்கை முக்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அண்ணன் வீட்டுப்பாடம் எழுதும்போதும் அப்படித்தான் உட்காருவாள். ஓடுகிற கேள்விகளில் ஒன்றை விரலால் காட்டி, இது என்ன கேட்கிறது என்றாள். பழைய பஸ் வேண்டுமா என்று கேட்கிறது என்றார். கீழே என்னவோ எழுதியிருக்கிறதே என்று எழுத்துக்கூட்டாத குறையாக வாய்விட்டுப் படித்தாள். இந்தப் பஸ் உள்ள கணினிகள் இப்போது யாரிடமும் இல்லை. உறுதியாகத் தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

"இதை எழுதினது யாரு தெரியுமா? உன் அண்ணன்."

அவள் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, இங்கே வந்து பாருங்கள், இது அண்ணன் எழுதினதாம், உலகம் பூரா இதைத்தான் படிக்கிறார்களாம் என்று இன்னொரு முறை படித்துக்காட்டினாள். மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வந்து மரியாதையாகப் பார்த்தார். இல்லைசார் ஒய்யாரமாக இல்லையைத் தட்டினார்.

கட்டி முடித்த கெர்னலை மேஜைக் கணினியில் ஏற்றினார். பழசு எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று அதையும் அழித்தார். விசையைப் போட்டார். கணினி கண்ணை மூடித் திறப்பதற்குள் எழுந்தது. தங்கை கையைத் தட்டினாள். மாப்பிள்ளை, இனிமேல் டீ குடிக்க எங்கே நேரம் என்று சிரித்தபடி ஒரு பாளத்தைத் தூக்கி மேஜையில் வைத்து, அளவைக் கொடுத்து, பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

கை அசையவில்லை.

இன்னொரு முறை அமுக்கினார். ஊஹூம். ஒயரைப் பாருங்கள் என்றார் இல்லைசார். ஒயர் சரி. மின்சாரம் குறைந்திருக்கும் என்றார். மின்சாரம் சரி. உங்கள் கண்ணாடித் தூள்தான் எங்காவது போய் அடைத்திருக்கும், பட்டறையை இப்படியா வைத்திருப்பது என்று மாப்பிள்ளைமேல் ஒரு பாய்ச்சல் பாய்ந்தார். மாப்பிள்ளை பாவம், பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தார். மதியம் போய்ச் சாயங்காலம் வந்தது. தங்கை மெதுவாக, நாளைக்கு விடிந்ததும் ஆஸ்பத்திரி வண்டி வந்து வாசலில் நிற்குமே அண்ணா என்றாள். அதில் கோபமே இல்லாததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

செய்ய வேறு எதுவும் மிச்சமில்லாமல், மாப்பிள்ளையின் திருப்புளியை வாங்கி மூடியைக் கழற்றினார். உள்ளே குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். முழங்கை நீளத்துக்கு ஒரு கார்டு. அது உட்கார்ந்திருந்த கறுப்புப் பள்ளத்தை அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் கெர்னல் பிரிவுக் கூட்டங்களில் படம் போட்டுக் காட்டி, இதெல்லாம் அருங்காட்சியகத்தில்தான் இருக்கும் என்று சிரிக்கவைக்கிற அதே பள்ளம். அந்தக் கார்டுதான் கைக்கு ஓடு, நில் என்று சொல்வது. அது இத்தனை நேரமும் வாயைத் திறக்காமல் அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஒரே ஒருவர் இருந்தால் விட்டுவிடுகிறேன் என்று எழுதிப் போட்டவர் அவர். அந்த ஒருவர் இதோ பிரஷ்ஷோடு மேஜைக்கு அடியில் கிடக்கிறார்.

மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டி, கவலைப்படாதீர்கள் என்று மச்சானுக்கே ஆறுதல் சொன்னார். "நம்ம தெருவுல எல்லார்கிட்டயும் இதே மேஜைதான் மச்சான். ஒரே ஆள்தானே கொண்டுவந்து வித்தாரு. எங்கயாவது கேட்டுப் பாக்கலாம்." இல்லைசார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டால் தெருவே கணக்கில் வந்துவிடும்.

மடிக்கணினிக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தார். கேள்விகள் ஓடின. பழைய பஸ் வேண்டுமா என்ற இடத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஆமாவைத் தட்டினார். கார்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கெர்னலுக்கு எடுத்துச் சொன்னார். கட்டி ஏற்றிப் பொத்தானை அமுக்கினால், கை விறுவிறு என்று ஓடிக் கண்ணாடியில் கோடு கிழித்தது. மாப்பிள்ளை கும்பிடாத குறை.

"தூசிதான்" என்றார் இல்லைசார்.

மாப்பிள்ளை அப்படியே நம்பினார். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்தக் கணினியைத் துணியால் துடைக்கிறாராம். தங்கை மட்டும் கையில் டீயோடு அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று அவருக்குத் தெரியவில்லை. "தூசிக்கும் அந்தக் கேள்விக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா அண்ணா?" என்று கேட்டாள். இல்லை என்றார். டீயைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் விஷயத்தைக் கக்கினார். அந்தம்மாளுக்கு இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. "ஒரு ஆள் இருந்தா விட்டுடறேன்னு நீங்கதானே சொன்னீங்க. ஆள் இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன். பஸ்ஸை எடுத்துட்டா புதுப் பதிப்பு அந்த மேஜையில ஓடாதே, அவர் கைக்கு என்ன பதில்?"

அவரிடம் பதிலுக்கா பஞ்சம்? சொந்தக்காரர்களைக் கணக்கில் எடுப்பது நேர்மை ஆகாது என்றார். ஆகா, என்ன நேர்மை. ஒரு மேஜைக்காக ஒரு கெர்னலையே சுமக்க முடியாது என்றார். மாப்பிள்ளைக்குத் தேவையானதை நானே தனியாகக் கட்டிக் கொடுத்துவிடுவேன், நேரம் கிடைக்கும்போது என்றார். காலண்டர் மாட்ட ஆணி அடித்துத் தருவதாக அவர் சொல்லியிருப்பதும் நேரம் கிடைக்கும்போதுதான். அந்தம்மாள் விளக்கை அணைத்தார். தெருவில் உள்ள மற்ற மேஜைகளைப் பற்றி அவர் மனைவியிடம்கூட வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை கூட்டம் ஜேஜே என்று இருந்தது. மேலாளர் கழிக்கப்போகும் வரிகளின் எண்ணிக்கையைத் திரையில் பெரிதாகப் போட்டு, ஏதோ குழந்தை பிறந்த எடையைச் சொல்வதுபோலச் சொன்னார். இல்லைசார் புதுச் சட்டை போட்டிருந்தார். பழைய பஸ்ஸின் கதையைச் சுவையாகச் சொன்னார். அருங்காட்சியகப் படம் வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கறுப்புப் பள்ளத்தைத் திரையில் பார்த்தபோது மட்டும் அவருக்கு நாக்கு கொஞ்சம் தடுக்கியது. தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொண்டார்.

முடிவு எடுக்கும் முன் பழைய பஸ் அக்கா எழுந்தார். அவர் வாதாட வரவில்லை, ஒரே ஒரு கேள்வியோடு வந்திருந்தார்.

"ஒருத்தர் இருந்தாக்கூட நான் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சு, ஒருத்தராவது இருக்காங்களா?"

கேள்வி நேராக அவரைப் பார்த்துத்தான். இங்கே பாருங்கள், அந்த மனிதருக்கு அப்போது கட்டைவிரல் கட்டு நினைவுக்கு வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வந்தது. வாசலில் நின்று மேஜையையே பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையும் வந்தாள். கூடவே மூலை அறையின் ஜன்னலும் வந்தது. அது வெளிச்சமாக இருந்தது.

"இல்லை" என்றார், வாய் கூசாமல். "ஒருத்தர்கூட இல்லை."

அக்கா கையிலிருந்த காகிதத்தை மடித்தார். சரி என்று உட்கார்ந்துவிட்டார். கை தட்டினார்கள். பழைய பஸ் போயிற்று. கேக் வெட்டினார்கள். மேலாளர் மூலை அறையின் சாவியை எல்லோர் முன்னாலும் கொடுத்தார். இல்லைசார் உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார், திறந்து பார்த்தார், மறுபடி சாத்திப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் சுவர் தெரிந்தது. இருந்தாலும் ஜன்னல் ஜன்னல்தானே.

மிச்சக் கேக்கை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு சாயங்காலம் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். இந்த நல்ல சேதியை நேரில் சொல்ல வேண்டாமா. போகும் வழியெல்லாம், மாப்பிள்ளைக்குத் தனிக் கெர்னல் கட்டுவதை இந்த வாரமே ஆரம்பித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார். தெருவில் நாலைந்து பட்டறைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். வழக்கமாக, வாங்க சார் என்பவர்கள் இன்றைக்கு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேலை சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பட்டறைக்குள் மாப்பிள்ளை மேஜையில் இருந்தார். கண்ணாடியில் சக்கரம் கிறீச்சிட்டு ஓடிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையைச் சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். வாங்க மச்சான் என்றார், குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் தலை நிமிரவில்லை.

அப்போதுதான் இல்லைசாரின் கண்ணில் அது பட்டது. சுவரோரம் கண்ணாடிச் சட்டத்தில் தங்கையின் செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு எதிரே பெஞ்சுகள், முக்காலிகள், கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிகள் என்று உட்காருவதற்காக வரிசையாகப் போட்டிருந்தவை இன்னும் அப்படியே கிடந்தன. காலி டீக் கிளாஸ்கள் வேறு. ஞாயிற்றுக்கிழமை தானே முகவரி அனுப்பியது அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் நினைவுக்கு வந்தது.

தங்கை உள்ளேயிருந்து கையுறையைக் கழற்றியபடி வந்தாள். அவள் அழுதிருக்கவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியாவது தப்பித்திருப்பார்.

"தெருவுல எல்லாரையும் கூப்பிட்டு உக்காரவெச்சேன் அண்ணா. என் அண்ணன் பேசுது, வந்து பாருங்கன்னு. எல்லாரும் வேலைய நிறுத்திட்டு வந்தாங்க."

அவர் வாயைத் திறந்தார். தனிக் கெர்னல் ஒன்று, நானே, இந்த வாரமே என்று ஏதோ இழுத்தார். அவள் இடைமறிக்காமல் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அவர் சொல்லி முடித்து, சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நிற்கும்வரை காத்திருந்தாள்.

"அந்தம்மா எவ்வளவு தன்மையாக் கேட்டாங்க. ஒருத்தராவது இருக்காங்களான்னு. நீ ஒருத்தர்கூட இல்லைன்னே. நான் திரும்பி இவரைப் பாத்தேன். இவரு இங்கதான், முன் பெஞ்சுல, உனக்குக் கை தட்டறதுக்குன்னு உக்காந்திருக்காரு." கழற்றிய கையுறையை முக்காலியில் வைத்தாள். "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாங்க இருக்கோமா அண்ணா?"

மேஜையில் சக்கரம் கோட்டை முடித்து நின்றது. மாப்பிள்ளை அடுத்த பொத்தானை அமுக்காமல் அப்படியே இருந்தார். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அவர் எத்தனையோ வருடமாக வாயால் சொன்னதில்லை, ஞாயிற்றுக்கிழமையும் யாருக்கும் தெரியாமல் விரலால்தான் தட்டினார். இப்போது அது எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. கேக் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு தங்கையே, சின்ன வயதில் அண்ணனுக்கு விடை மறந்துபோனால் மெதுவாக எடுத்துக்கொடுப்பாளே, அதே குரலில் சொன்னாள்.

"உறுதியாத் தெரியலைன்னா, இல்லைன்னு சொல்லிடு அண்ணா."